இறாலுக்கு ஒன்றும் ஆகவில்லை, மீன்கள்தான் சாகின்றன

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். சென்னையில் வீடு. 300 லிட்டர் உப்புத்தண்ணீர் மீன் டேங்க், இரண்டு வருடமாகப் பிரச்சினை இல்லாமல் ஓடியது. போன சனிக்கிழமை பவுடர் ப்ளூ டாங் என்ற மீன் ஒன்றை வாங்கி விட்டீர்கள். செவ்வாய்க்கிழமை அது தீனியைத் தொடவில்லை, வேவ்மேக்கருக்கு (நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) எதிரே முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றது. வியாழன் செத்தது. வெள்ளியன்று ராஸ் மீனும் கார்டினல் மீனும். இன்று காலை மிச்சம் இரண்டு கோமாளி மீன், ஒரு டாம்செல், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ். கோமாளிகள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. அம்மோனியா பூஜ்யம், நைட்ரேட் 10, உப்பு (ஒப்படர்த்தி எண்) 1.025, வெப்பம் 27 டிகிரி. இறால், நத்தை, அனிமோன் மூன்றும் நன்றாக இருக்கின்றன. கடையில் பூண்டுச் சாறு, 'ரீஃப் சேஃப்' (பவளத்துக்கும் இறாலுக்கும் தீங்கில்லை என்று விற்கும்) மருந்து ஒரு பாட்டில், மூன்று நாள் விளக்கை அணைத்து வைப்பது என்று மூன்று யோசனை சொன்னார்கள். இது என்ன நோய், மிச்சமுள்ள நான்கும் பிழைக்குமா, எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

மீதியைப் படிக்கும் முன் காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோன் ஒன்றைப் போட்டுவிட்டு, வீட்டில் சோப்புப் படாத பெரிய பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாத்திரக் கடைக்கு ஆள் அனுப்புங்கள். 80 லிட்டர், 100 லிட்டர் டப் போதும். உங்களுக்கு இன்று மருந்தைவிட அதுதான் அவசரம்.

சரி, இப்போது நோய். நீங்கள் எழுதியதிலேயே எனக்கு மிகவும் உதவியது இறால் வரிதான். தண்ணீரில் கோளாறு என்றால், அதாவது அறையில் கொசு மருந்து அடித்து அதன் காற்றை ஏர் பம்ப் உறிஞ்சியிருந்தால், ஏதாவது உலோகம் துருப்பிடித்துக் கரைந்திருந்தால், முதலில் விழுவது இறாலும் நத்தையும்தான். இரவில் கரண்ட் போய் ஆக்சிஜன் தீர்ந்திருந்தால் காலையில் பெரிய மீன்கள் மொத்தமாகக் கிடக்கும், நாளுக்கு ஒன்றாகச் சாகாது. முதுகெலும்பு இல்லாதவை ஜம்மென்று இருக்க, மீன்கள் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக, புதிய மீன் வந்த ஒரு வாரத்துக்குள் போகின்றன என்றால் அது மீனை மட்டுமே பிடிக்கும் ஒட்டுண்ணி. தண்ணீர் டெஸ்ட் கிட்டில் அது தெரியாது. எத்தனை தடவை அம்மோனியா பார்த்தாலும் பூஜ்யம்தான் வரும், நீங்களும் தண்ணீர் சரியாகத்தானே இருக்கிறது என்று இன்னொரு நாளை ஓட்டிவிடுவீர்கள்.

அந்த ஒட்டுண்ணிகளில் வீட்டு டேங்குகளை அழிப்பவை பெரும்பாலும் மூன்று. வெல்வெட், இக், ப்ரூக்லினெல்லா. உங்களுடையது வெல்வெட் என்று முக்கால்வாசி உறுதியாகச் சொல்வேன். நீரோட்டத்தில் முகத்தைக் கொடுத்து நிற்பது, வெளிச்சத்துக்கு ஒதுங்குவது, உடம்பில் பெரிதாக ஒன்றும் தெரியாமலேயே மூச்சு வாங்குவது, இரண்டு மூன்று நாளில் சாவது, இதெல்லாம் வெல்வெட்டின் கையெழுத்து. இக் என்றால் உப்புக்கல் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் தெளிவாக, எண்ணக்கூடிய அளவில் தெரியும், மீனும் பல நாள் தாக்குப்பிடிக்கும். ப்ரூக்லினெல்லா வந்தால் தோல் உரிவது போல் சளி படலம் படலமாகக் கிளம்பும். கோமாளி மீனுக்குத்தான் அதிகம் வரும், அதனால் அதற்குக் கோமாளி நோய் என்றே பெயர். இப்போதே டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து உங்கள் கோமாளிகளைப் பாருங்கள். மாவு சலித்த மாதிரி மெல்லிய தூசி மின்னினால் வெல்வெட். சளி தொங்கினால் கீழே சொல்லும் காப்பர் (செம்பு மருந்து) வேலை செய்யாது, ஃபார்மலின் குளியல் வேண்டும். ஃபார்மலின் மூக்குக்கும் நுரையீரலுக்கும் ஆகாத சரக்கு, பழக்கப்பட்ட ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வெல்வெட்டின் முழுப் பெயர் அமைலூடினியம் ஒசெல்லேட்டம், இக்கின் பெயர் கிரிப்டோகேரியன் இரிடன்ஸ். இரண்டின் அறிவியல் பெயருக்குப் பின்னாலும் ஒட்டியிருப்பது பிரவுன் என்ற ஒரே ஆய்வாளரின் பெயர்தான், 1931 ஒன்று, 1951 ஒன்று. நம்மைப் போன்றவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிற இரண்டுக்கும் ஒரே ஆள் பெயர் வைத்திருக்கிறார்.

இது எப்படிக் கொல்கிறது என்று தெரிந்தால்தான் நான் சொல்லப்போகும் தொல்லை பிடித்த வேலைகளுக்கு அர்த்தம் புரியும். ஒட்டுண்ணி முதலில் செவுளில் வந்து ஒட்டும். வேர் போன்ற ஒன்றை செவுளின் திசுவுக்குள் இறக்கி, சில நாள் தின்று கொழுக்கும். அப்புறம் கழன்று தரையில் விழுந்து, ஓடு கட்டிக்கொண்டு, இரண்டு, நான்கு, எட்டு என்று பிளந்துகொண்டே போகும். ஒன்று அதிகபட்சம் 256 ஆகும். அந்த 256-ம் நீந்தும் வித்துகளாக வெளியே வந்து மீனைத் தேடும். 27 டிகிரியில் இந்தச் சுற்று முழுவதும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். கடலில் அந்த 256-இல் ஒன்றிரண்டுக்கு மீன் கிடைத்தாலே அதிர்ஷ்டம். 300 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் தேட வேண்டிய அவசியமே இல்லை, எங்கே திரும்பினாலும் மீன். டாங் சனிக்கிழமை வந்தபோது அதன் செவுளில் நாலைந்துதான் இருந்திருக்கலாம். வியாழக்கிழமை அது செத்தபோது மற்ற மீன்களின் செவுளில் அடுத்த தலைமுறை குடியேறிவிட்டது.

இதோடு இன்னொரு கணக்கும் சேருகிறது. 27 டிகிரியில் உப்பில்லாத நல்ல தண்ணீர் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். கடல் தண்ணீர் ஆறரைதான் பிடிக்கும். உப்புத்தண்ணீர் மீன் சாதாரண நாளிலேயே கொஞ்சம் இறுக்கமான பட்ஜெட்டில்தான் மூச்சு விடுகிறது. செவுள் வீங்கிச் சளி மூடிவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. அதனால்தான் உடம்பு பளபளவென்று இருக்கும் மீன் காலையில் செத்துக் கிடக்கிறது.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு, வீட்டிலேயே செய்யலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கும் சாதாரண மைக்ராஸ்கோப் போதும். செத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாத மீன் வேண்டும். (ராஸை ஃப்ரீசரில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் பயனில்லை. உறைந்தால் செல்கள் வெடித்துவிடும்.) செவுள் மூடியைத் தூக்கி, நகவெட்டிக் கத்தரியால் செவுளின் நுனியில் அரிசி அளவு வெட்டுங்கள். நல்ல செவுள் என்றால் ரத்தச் சிவப்பாக, ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரியும். வெல்வெட் செவுள் வெளிறி, பழுப்புச் சளி பிடித்திருக்கும். அதைக் கண்ணாடியில் வைத்து டேங்க் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். குழாய்த் தண்ணீர் விட்டால் எல்லாம் உப்பிக் கெட்டுவிடும். மேலே மெல்லிய கண்ணாடியை வைத்து 40 மடங்கில் பார்த்துவிட்டு 100-க்குப் போங்கள்.

நான் முதல் தடவை பார்த்தது சமையல் மேடையில், இரவு பதினொரு மணிக்கு. செவுள் இழைகள் சீப்பு மாதிரி வரிசையாக இருந்தன. அவற்றின் மேல் கரும்பழுப்பு நிறத்தில் பேரிக்காய் வடிவ உருண்டைகள், தலைமுடியில் ஈர் ஒட்டியிருப்பது போல அடர்த்தியாக. எதுவும் அசையவில்லை. ஒரு அரிசி அளவுத் துண்டில் அறுபதுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். இக் என்றால் இப்படி இருக்காது. பெரிய சாம்பல் நிறப் பந்து, ஓரமெல்லாம் மயிர் துடிக்க, மெல்ல உருண்டுகொண்டே இருக்கும். ப்ரூக்லினெல்லா அவரை விதை போலச் சின்னதாக, விறுவிறுவென்று ஓடும். ஒரு தடவை பார்த்துவிட்டால் மூன்றையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

அந்த இரவு எனக்குத் தெரிந்தது காலம் கடந்து தெரிந்தது. பத்து வருடத்துக்கு முந்தைய கதை. இக்கா வெல்வெட்டா என்று இரண்டு பேரிடம் போனில் விவாதித்து ஒன்றரை நாளை விட்டேன். பதினொரு மீன்கள், நான்கு நாள். ஆறு வருடம் வளர்த்த கோமாளி ஜோடியும் அதில் போனது. அதைவிட மடத்தனம், டேங்க் வெறிச்சென்று இருக்கிறதே என்று மூன்றாவது வாரமே போய் நான்கு மீன் வாங்கி வந்து விட்டேன். அவையும் போயின. உண்மையில் இரண்டாம் தடவை கொன்றது நான்தான்.

இப்போது உங்கள் நான்கு மீன். எல்லாவற்றையும் இன்றே டேங்கை விட்டு வெளியே எடுக்க வேண்டும். 'நன்றாக இருக்கிற' டாம்செல்லையும் சேர்த்துத்தான். பாறைகளைக் கொஞ்சம் எடுத்து வைத்து, தண்ணீரைப் பாதியாக இறக்கினால் பிடிப்பது சுலபம். ஃபாக்ஸ்ஃபேஸை மட்டும் வலையில் பிடிக்காதீர்கள். அது நம் கரையோரத்து ஓரா மீனின் சொந்தம், முதுகு முள்ளில் விஷம் உண்டு, வலையிலும் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு மொண்டு எடுங்கள். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கையை வைத்துக்கொள்வது வலியைக் குறைக்கும்.

டப்பில் போடுவதற்கு முன் ஒரு குளியல். காப்பர் நீந்தும் வித்துகளை மட்டும்தான் கொல்லும், செவுளில் ஏற்கெனவே ஒட்டியிருப்பதை ஒன்றும் செய்யாது. அந்தச் சுமையைக் கொஞ்சம் இறக்கிவிட்டால்தான் மீன் காப்பரின் பலனைப் பார்க்க உயிரோடு இருக்கும். இரண்டு வழி. ஒன்று, உப்பில்லாத நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம். ஆர்ஓ தண்ணீர், வெப்பம் டேங்க் அளவுக்கே, சமையல் சோடா கொஞ்சம் சேர்த்து பிஹெச்சை 8.2 பக்கம் கொண்டுவந்து, பத்து நிமிடம் ஏர் ஓட்டிவிட்டு மீனை விட வேண்டும். செவுளின் உட்புறத்தில் இருப்பவை இதில் பல தப்பிவிடும், ஆனாலும் மீனுக்கு மூச்சு கிடைக்கும். இன்னொன்று ஹைட்ரஜன் பெராக்சைடு. லிட்டருக்கு 75 மில்லிகிராம், 30 நிமிடம், உப்புத்தண்ணீரில், தனி வாளியில், நன்றாகக் காற்று விட்டு. எனக்கு இதுதான் பிடிக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் எல்லோரும் சொல்லும் அளவு மூன்று சதவீதக் கரைசலுக்கானது, அதில் லிட்டருக்கு 2.5 மில்லி. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது பெரும்பாலும் ஆறு சதவீதம், லேபிளில் '20 வால்யூம்' என்று போட்டிருக்கும். அதில் பாதிதான் எடுக்க வேண்டும், லிட்டருக்கு 1.25 மில்லி. பத்து லிட்டர் வாளிக்கு 12.5 மில்லி, ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து. லேபிளைப் பார்க்காமல் ஊற்றினால் இரட்டை டோஸ். மீன் கவிழ்ந்தாலோ துடித்தாலோ நேரம் பார்க்காமல் உடனே எடுத்துவிடுங்கள்.

டப்பில் புதிதாகக் கலந்த உப்புத்தண்ணீர். மணல் வேண்டாம், கல் வேண்டாம், அவை காப்பரை உறிஞ்சிவிடும். ஒளிந்துகொள்ள பிளம்பிங் கடையில் விற்கும் பிவிசி எல்போ நாலைந்து. டேங்கின் சம்ப்பில் (வடிகட்டி வைக்கும் துணைத் தொட்டி) ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் அதையே போட்டுக்கொள்ளலாம். அதில் ஒட்டுண்ணி இருக்குமே என்றால், இருக்கும், வித்து வெளியே வரும்போது காப்பர் பார்த்துக்கொள்ளும். கரண்ட் போனால் ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். சின்னத் தண்ணீரில் நான்கு மீன்களுக்கு ஒரு மணி நேரக் கரண்ட் கட்டே அதிகம்.

காப்பரில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் எண். கடையில் கிடைக்கும் காப்பர் மருந்துகள் ஒரே மாதிரி அல்ல. காப்பர் பவர் போன்ற கட்டுண்ட வகைக்கு (காப்பரை வேறொரு பொருளோடு பிணைத்து வைத்தது) 2.0 முதல் 2.5 பிபிஎம், அதாவது லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம் வேண்டும். குப்ரமின் என்ற மருந்துக்கு 0.5. வெறும் காப்பர் சல்பேட்டுக்கு 0.15 முதல் 0.20 வரைதான். ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்கு எடுத்தால், ஒரு பக்கம் ஒட்டுண்ணி சிரிக்கும், மறுபக்கம் மீன் சாகும். உங்களுக்கு முதல் வகையையே சொல்வேன், மீன் அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சாதாரண நாளில் மூன்று நான்கு நாளில் மெல்ல ஏற்றச் சொல்லுவேன். வெல்வெட்டில் அந்த அவகாசம் இல்லை. இன்றே பாதி அளவு, நாளைக்குள் முழு அளவு.

யாராவது உரக்கடை மயில்துத்தத்தையே (காப்பர் சல்பேட்) கரைத்து ஊற்றலாம் என்று சொல்வார்கள். அதில் கால்வாசிதான் காப்பர். 100 லிட்டருக்கு 0.2 கொண்டுவர வேண்டியது 80 மில்லிகிராம் துத்தம், ஒரு சிட்டிகைக்கும் குறைவு. சமையலறைத் தராசில் அது நிற்காது, கலப்படம் என்ன என்பதும் தெரியாது. வேண்டாம்.

அளக்காமல் காப்பர் போடாதீர்கள். கலர் பார்த்துச் சொல்லும் கிட்டில் 1.5-க்கும் 2.0-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அந்த வித்தியாசத்தில்தான் மீன்களின் உயிர் இருக்கிறது. ஹன்னாவின் காப்பர் செக்கர் போன்ற எண் காட்டும் கருவி கொஞ்சம் விலைதான், நண்பர்களோடு சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள். முழு அளவைத் தொட்ட நாளிலிருந்து 30 நாள் எண்ண வேண்டும். நடுவில் ஒரு நாள் கீழே இறங்கினாலும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து. தண்ணீர் மாற்றும்போது உள்ளே விடும் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் கலந்துவிட்டே விடுங்கள்.

முதல் பத்து நாளில் டப்பில் அம்மோனியா ஏறும். தண்ணீரை மாற்றித்தான் சமாளிக்க வேண்டும். அம்மோனியாவை முடக்கும் திரவங்களைக் காப்பரோடு சேர்க்காதீர்கள். அவற்றில் பல, காப்பரை இன்னும் கொடிய வடிவத்துக்கு மாற்றிவிடும். நோயில் தப்பிய மீனை இப்படி இழந்தவர்களை எனக்குத் தெரியும். காப்பரில் மீனுக்குப் பசி மந்தமாகும், மார்க்கெட்டில் வாங்கிய இறாலை உரித்துப் பொடியாக நறுக்கிப் போட்டால் அனேகமாகத் தொடும்.

மலேரியா மருந்தான குளோரோகுயின் பற்றியும் யாராவது சொல்வார்கள். வேலை செய்யும் மருந்துதான். ஆனால் தண்ணீரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வீட்டில் அளக்க வழியில்லை. வாங்கினால் பாட்டிலில் பெரிதாக எழுதிப் பூட்டி வையுங்கள். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், மீன் தொட்டிக்கான குளோரோகுயின் பாஸ்பேட்டைக் கொரோனா வராமல் இருக்க என்று விழுங்கி ஒருவர் இறந்தே போனார்.

இனி கடையில் சொன்ன மூன்று யோசனைகள். பூண்டு தீனியில் வாசனைக்கு நல்லது, ஒட்டுண்ணிக்கு ஒன்றும் ஆகாது. 'ரீஃப் சேஃப்' மருந்து பற்றி எனக்கு ஒரே கேள்விதான்: இறாலையும் அனிமோனையும் தொடாமல், ஓடு கட்டிக்கொண்டு மணலில் கிடப்பதை மட்டும் தேடிக் கொல்லும் அறிவு அந்தப் பாட்டிலுக்கு எங்கிருந்து வந்தது? விளக்கை அணைப்பது நன்னீர் வெல்வெட்டுக்குச் சொல்லும் யோசனை. அது பச்சையம் வைத்திருக்கிறது, வெளிச்சம் இல்லையென்றால் தளரும். கடல் வெல்வெட்டுக்குப் பச்சையமே கிடையாது, மீனைத் தின்றே வாழ்கிறது. இருட்டில் மீனுக்குக் கொஞ்சம் அமைதி கிடைக்கும், அவ்வளவுதான். யூவி விளக்கு வித்துகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். பரவும் வேகத்தைக் குறைக்கலாம், பரவுவதை நிறுத்தாது.

பிழைக்குமா என்று கேட்டீர்கள். கோமாளிகள் ஏற்கெனவே மேலே வந்துவிட்டன என்பது நல்ல செய்தி இல்லை. ஒன்றாவது போகலாம், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஃபாக்ஸ்ஃபேஸும் டாம்செல்லும் இன்னும் சாப்பிடுகின்றன என்றால் அவற்றுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. டப்பில் விட்டபின் தினமும் ஒரே நேரத்தில் செவுள் மூடி ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை திறக்கிறது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். என் கணக்கில் நூற்றைத் தாண்டினால் கவலை. மூன்றாம் நாள் அந்த எண் இறங்கத் தொடங்கினால் மீன் கரையேறுகிறது.

டேங்கைக் கொட்டிக் கழுவ வேண்டாம். இரண்டு வருடத்து பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில் லாபமில்லை. ஒட்டுண்ணிக்கு மீன் வேண்டும், மீன் இல்லையென்றால் பட்டினி. வெல்வெட்டுக்கு ஆறு வாரம் மீன் இல்லாமல் விட்டால் போதும் என்பார்கள். இக்கின் முட்டைக்கூடு ஒன்று 72 நாள் வரை உயிரோடு இருந்து பொரிந்ததாகப் பதிவு உண்டு, அதிலிருந்து வந்ததுதான் 76 நாள் என்ற புகழ்பெற்ற கணக்கு. உங்கள் டாங் இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கலாம், அந்த இனத்துக்கு இக் என்றால் அவ்வளவு ராசி. அதனால் 76 நாளே விடுங்கள். இறால், நத்தை, அனிமோன் எல்லாம் உள்ளேயே இருக்கட்டும், அவற்றுக்குக் கொஞ்சம் தீனி போடுங்கள், பாக்டீரியாவுக்கும் அதுவே போதும். டாம்செல் ஒன்றைப் பிடிக்கவே முடியவில்லை, ஒன்றுதானே என்று விட்டீர்களானால் அந்த 76 நாளும் வீண்.

இந்த நாட்களில் ஈரம்தான் எதிரி. டேங்கில் நனைந்த வலை, கை, துணி, தெர்மாமீட்டர் எதுவும் டப்புக்குப் போகக் கூடாது. காற்றுக் குமிழ் உடையும்போது தெறிக்கும் துளியிலேயே வெல்வெட் பரவும் என்று ஆய்வில் காட்டியிருக்கிறார்கள், ஆகவே டப் டேங்கிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும், முடிந்தால் வேறு அறையில்.

இக்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அடுத்த முறை உங்களுக்கு அதுதான் வரும். புள்ளி தோன்றி நாலைந்து நாளில் மறைந்துவிடும். பூண்டு கேட்டது, மருந்து கேட்டது என்று எல்லோரும் மகிழ்வது அந்த நேரத்தில்தான். உண்மையில் ஒட்டுண்ணி தின்று முடித்துக் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் குடும்பத்தோடு திரும்பி வரும். ஒரு தடவை தப்பிய மீனுக்குச் சில மாதங்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும் என்பதால், இக்கோடு ஒப்பந்தம் போட்டு வருடக்கணக்கில் டேங்க் ஓட்டுபவர்கள் உண்டு. நல்ல தீனி, நல்ல தண்ணீர் என்றால் முடிகிறது, நான் குறை சொல்ல மாட்டேன். வெல்வெட்டோடு அப்படி ஒப்பந்தம் போட முடியாது.

'கடையில் பத்து நாள் நன்றாகத்தானே இருந்தது' என்று எழுதியிருந்தீர்கள். இருந்திருக்கும். பல கடைகளில் உப்பை 1.018, 1.020 என்று குறைத்தே வைப்பார்கள், சில இடங்களில் கொஞ்சம் காப்பரும் ஓடும். இரண்டும் நோயை அடக்கி வைக்கும், ஒழிக்காது. உங்கள் 1.025 சுத்தத் தண்ணீருக்கு வந்ததும் அதற்கு விடுதலை. இதில் யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன், நூற்றுக்கணக்கான மீன்களை ஒரே தண்ணீரில் உயிரோடு வைத்திருக்க வேறு வழியில்லை. ஆனால் அங்கே நன்றாக இருந்ததை நாம் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் இந்த டப்பைத் தூக்கிப் போடாதீர்கள். இனி எந்த மீன் வந்தாலும் முதலில் இதில் 30 நாள். வரும் பை எந்த உப்பில் இருக்கிறதோ அதே உப்பை டப்பில் முன்கூட்டியே வைத்துவிட்டு, பையைத் திறந்த கால் மணி நேரத்தில் மீனை மாற்றிவிடுங்கள். மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். மூடிய பையில் மீன் விட்ட மூச்சால் பிஹெச் இறங்கி, அம்மோனியா அடங்கிக் கிடக்கும். திறந்ததும் அந்த வாயு வெளியேறி பிஹெச் ஏற, அதே அம்மோனியா நஞ்சாக மாறும். மீனை அதிலேயே ஊறவைத்துக்கொண்டிருப்போம்.

கடல் தண்ணீரை நேராகக் கரையிலிருந்து பிடித்து வரும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா தெரியவில்லை, சென்னையில் பலருக்கு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் கலந்து உப்பு சட்டென்று இறங்கிவிடும், அளக்காமல் ஊற்றாதீர்கள். கடலில் வெல்வெட்டும் இக்கும் இயற்கையாகவே உண்டு. பிடித்த தண்ணீரை மூடி வைத்துச் சில வாரம் கழித்துப் பயன்படுத்துங்கள், அல்லது உப்பு வாங்கிக் கலந்துவிடுங்கள்.

அடுத்து என்ன மீன் வாங்கலாம் என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். பவுடர் ப்ளூ வேண்டாம், அது 300 லிட்டருக்கான மீனும் இல்லை. வளர்ப்பில் பொரித்த கோமாளி மீன் கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் பல வருடமாகக் கோமாளி இனங்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வருகிறது, தனியாரும் செய்கிறார்கள். பாறையிலிருந்து பிடித்து, பையில் பல ஊர் சுற்றி வந்த மீனைவிட அது எவ்வளவோ மேல். கடற்குதிரை காட்டினால் வாங்காதீர்கள். 2001-லிருந்து அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

எந்த மீனானாலும், 'அண்ணே, கொஞ்சம் தீனி போடுங்க, பார்க்கிறேன்' என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் போடுவார்கள். சாப்பிட்டால் செவுளை ஒரு நிமிடம் எண்ணுங்கள், அதே தொட்டியில் மற்ற மீன்களையும் பாருங்கள். ஒன்று மட்டும் நீரோட்டத்தில் முகத்தைக் கொடுத்து நின்றால், நீங்கள் கேட்டு வந்தது எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தத் தொட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.